புள்ளி மேலே இருந்தால் பக்கம் நேர்

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவள் ராணி. திருவேட்டக்குடிக்காரி. காரைக்காலில் ஒரே பைண்டிங் கடையில் என்னோடு இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவள். என் பேச்சை அவள் பத்திரிகைத் தமிழாக்கித்தான் எழுதுகிறாள். "பேசினபடியே எழுதுடி" என்றால், "படிக்கிறவங்க சிரிப்பாங்கக்கா" என்கிறாள். சிரித்தால் சிரிக்கட்டுமே, அதற்குத்தானே சொல்கிறேன்!

போன மாதம் லலிதா டீச்சர் எங்கள் இரண்டு பேரையும் ஒரு புத்தகக் கூட்டத்துக்கு அழைத்துப் போனார். ரொம்ப வருஷத்துக்கு முன்னால் வாரப் பத்திரிகையில் தொடராக வந்த ஒரு நாவல், இப்போது வழுவழு அட்டை போட்டுப் புத்தகமாக வந்திருக்கிறது. அதில் வருகிறவர்களில் யார் யாருக்கு என்னென்ன விதமான தைரியம் என்று காலேஜ் பெண்கள் பேசினார்கள். ஏ.சி. போட்டிருந்தார்கள். கேசரியும் கொடுத்தார்கள், முந்திரி நிறைய. கடைசியில் ஒரு பெண் என் பக்கம் மைக்கை நீட்டி, "நீங்க சொல்லுங்க பாட்டி" என்றாள். நான் சொன்ன பதிலுக்கு அந்தப் பெண்களில் ஒருவருக்கும் அர்த்தம் புரியவில்லை. அதை விளக்கமாகச் சொல்லுங்கள் என்று கூட்டம் நடத்துகிறவர்கள் கேட்டதால்தான் இந்தக் கட்டுரை. பதிலை இப்போதே சொல்ல மாட்டேன். அந்த நாவலை ஒரு தடவை நான் பைண்டிங் பண்ணியிருக்கிறேன், அதுவும் தப்பாக. முதலில் அந்தக் கதை.

என் ஊர் கோட்டுச்சேரிக்கு உள்ளே ஒரு சின்னக் கிராமம். நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்க்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் கண்ணை மூடியபோது மூன்று பிள்ளைகள். டவுனில் ஒரு பைண்டிங் கடையில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு பஸ் ஏறினேன். கடைக்காரரை எல்லாரும் முசே என்றுதான் கூப்பிடுவார்கள், பிரெஞ்சில் 'ஐயா' மாதிரி. பிரெஞ்சுக் குடியுரிமைக்காரர். வாலிபத்தில் சைகோனில் ஓர் அச்சகத்தில் தொழில் கற்றுக்கொண்டு வந்தவர். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையோடு மூக்குக்கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து, "எது வரைக்கும் படிச்சீங்க?" என்றார்.

என் பேர் அஞ்சலை. பயத்தில் பேரைச் சொல்வதா, படிப்பைச் சொல்வதா என்று குழம்பி, "அஞ்சு..." என்று வாயிலிருந்து விழுந்துவிட்டது.

"அஞ்சாவதா? போதும். நாளைக்கு வாங்க."

நான் திருத்தவில்லை. அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு பதினோரு வருஷம் ஓட்டினேன்.

எப்படி ஓட்டினாய் என்று கேட்பீர்கள். எழுத்துதான் தெரியாதே தவிர, எண் எனக்கு நன்றாகத் தெரியும். காலண்டர் தாள் கிழித்தும் பஸ் டிக்கெட் பார்த்தும் பழகியது. பைண்டிங் வேலையில் பாதி எண் பார்த்து அடுக்குவதுதான். தாள் தலைகீழாக இருக்கிறதா, நேராக இருக்கிறதா என்பதற்கு நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். தமிழ் எழுத்தில் புள்ளி எப்போதும் தலைக்கு மேலேதான் நிற்கும். ஒரு பக்கத்தில் நூறு புள்ளியாவது இருக்கும். புள்ளி மேலே இருந்தால் பக்கம் நேர். முசேயின் பிரெஞ்சுப் புத்தகங்களிலும் குச்சி மாதிரி ஓர் எழுத்துக்கு மேலே புள்ளி உண்டு. அரபுப் புத்தகம் வந்தால்தான் முழிப்பேன். புள்ளி மேலேயும் நிற்கும், கீழேயும் நிற்கும். அதை மட்டும் ஏதாவது சாக்கு சொல்லி முசே பக்கமே தள்ளிவிடுவேன்.

வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாவிட்டால் முசே என்னை மன்னிக்க மாட்டார். காலையில் முதல் வேலை மைதா பசை காய்ச்சுவது. பூச்சி அரிக்காமல் இருக்க அதில் துளி மயில்துத்தம் போடுவோம். அடுத்தது அடுக்குவது. அடுக்கிய கட்டை நான்கு பக்கமும் தட்டிச் சமமாக்கி, குத்தூசியால் ஓட்டை போட்டு, மெழுகு தேய்த்த நூலால் தைத்து, முதுகுக்குப் பசை தடவி, பிரஸ்ஸில் இறுக்கி, அட்டையும் காலிகோ துணியும் ஒட்டினால் புத்தகம். எந்த இடத்திலும் அவசரம் கூடாது. யாராவது நூலை வெடுக்கென்று இழுத்தால், முசே திரும்பிப் பார்க்காமலே, "தூஸ்மா, தூஸ்மா" என்பார். பிரெஞ்சில் 'மெதுவா' என்று அர்த்தம். இன்றைக்கும் என் பேத்தி ஸ்கூட்டியில் பறந்தால் நான் பின்னால் உட்கார்ந்து "தூஸ்மா" என்றுதான் கத்துகிறேன்.

முசே ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. எங்கள் எல்லாரையும் நீங்க, வாங்க என்றுதான் பேசுவார். கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, இரண்டு காலையும் மடக்கி, சட்டைப் பையில் வைப்பார். கண்ணாடி பைக்குள் போனால் கடையில் ஈ பறக்காது. அவருக்கு ஒரே ஒரு சட்டம்தான் உயிர். அடுக்கிய தாள் மேல் கல் வைக்காமல் கையை எடுக்கக் கூடாது. அம்மிக்குழவி மாதிரி வழவழப்பான நான்கு கருங்கல் வைத்திருந்தோம். "இது கடல்காத்து ஊரு. கல்லு வச்சிட்டுத்தான் கைய எடுக்கணும்" என்பார்.

ராணி வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம் இருக்கும். பத்தாவது படித்தவள். அவள் அப்பா கடலுக்குப் போகிறவர். பெண் டவுனுக்கு வேலைக்குப் போவது அவருக்குப் பிடிக்கவே இல்லை. "ஒரு கெட்ட சொல் காதுல விழுந்துச்சுன்னா, அன்னைக்கோட வீட்டுல உக்காரணும்" என்று சொல்லித்தான் பஸ் ஏற்றி அனுப்புவார்.

அந்தச் சமயத்தில்தான் லலிதா டீச்சர் ஒரு கட்டோடு வந்தார். கோவில்பத்தில் வீடு. வார வாரம் பத்திரிகையில் வந்த தொடரைக் கிழித்துச் சேர்த்திருந்தார், நாற்பது வாரத்துக்கு மேல். ஒவ்வொரு வாரத்துத் தாளும் தனித்தனியாகப் பின் போட்டிருந்தது. அவர் மாமியாருக்கு வாரம் முழுக்கக் காத்திருந்து துண்டு துண்டாகப் படிக்கப் பிடிக்காதாம். மொத்தமாகப் புத்தகமாய்க் கொடு என்றிருக்கிறார்.

அந்தக் கட்டில் ஒரு வில்லங்கம் இருந்தது. அத்தியாய எண் போட்டிருந்த மேல் மூலைக்குப் பின்பக்கம் வாரா வாரம் ஒரு கோலம் வந்திருக்கிறது. டீச்சருக்குக் கோலம் என்றால் உயிர். எல்லாக் கோலத்தையும் வெட்டியெடுத்து வேறு நோட்டில் ஒட்டிவிட்டார். கோலம் போனபோது எண்ணும் கூடவே போய்விட்டது. மற்றத் தாள்களில் பக்க எண் இருந்தது, ஆனால் பிரயோஜனமில்லை. எந்த வாரத்தை எடுத்தாலும் அதே முப்பத்தாறு, முப்பத்தேழு, முப்பத்தெட்டு!

ஆனாலும் டீச்சர் வரிசையாகத்தான் கொடுத்தார், கடைசி வாரம் மேலே இருக்கும்படி. கட்டைப் பிரித்து மேஜையில் வைத்தேன். முசே வெளியே போயிருந்தார். ராணி பின்கட்டில் பசை கிண்டிக்கொண்டிருந்தாள். கரண்ட் நின்று ஒரே புழுக்கம். ஜன்னலைத் திறக்கலாம் என்று எழுந்தேன். கல் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. வைக்கவில்லை. ஜன்னலைத் திறந்ததும் காற்று உள்ளே வந்து, மேலே இருந்த பதின்மூன்று வாரத்தையும் கடை முழுக்க வாரி இறைத்துவிட்டது.

பொறுக்கி எடுத்தேன். எது முந்தி, எது பிந்தி? ராணியைக் கூப்பிட்டால் ஒரு நிமிஷத்தில் படித்து அடுக்கியிருப்பாள். கூப்பிட்டால், "அஞ்சாவது படிச்ச நீங்களே அடுக்குங்களேன்" என்பாளே! படத்தைப் பார்க்க ஆரம்பித்தேன். ஒவ்வொரு வாரமும் ஒரு படம் உண்டு. ஒன்பது வாரத்துப் படத்தில் எல்லாருக்கும் தலை நரைத்திருந்தது. அது கடைசிதான், சந்தேகமே இல்லை; நரை கூடக் கூட வரிசையாக வைத்தேன். மீதி நான்கில் மீசை முளைக்காத ஒரு பையன். அவன் அம்மா பாயில் படுத்திருக்கிறாள். அப்புறம் அரும்பு மீசையோடு ஒரு படகுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான். அடியில் கிடந்த முதல் வாரத்தைப் பார்த்தேன். அதே ஆள், பெரிய மீசையோடு வெள்ளத்துக்கு முன்னால் நிற்கிறான். மீசை முளைக்காதது முந்தி, முளைத்தது பிந்தி. இதற்கு எதற்குப் படிப்பு? நான்கையும் எடுத்து எல்லாவற்றுக்கும் முன்னால் வைத்துத் தைத்துவிட்டேன். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமை இருக்கிறதே, கலெக்டருக்குக்கூட இருக்காது.

ஒரு மாதம் கழித்து டீச்சர் அந்தப் புத்தகத்தோடு வந்தார். நாங்கள் மூன்று பேரும் கடையில்தான் இருந்தோம்.

"முசே, எங்க வீட்டுல பத்து நாளா சண்டை. நான் படிச்ச கதை வேற, எங்க அத்தை படிச்ச கதை வேறயா இருக்கு."

"என்ன சண்டை?"

டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்து கதையைச் சொன்னார். நான் தைத்த கதையை நானே அப்போதுதான் கேட்கிறேன். ஆற்றங்கரையில் ஒரு கிராமம். விடியற்காலையில் வெள்ளம் வருகிறது. வேலாயுதம் என்கிறவன் வெள்ளத்தில் குதித்து இரண்டு குழந்தைகளைத் தூக்கி வருகிறான். மரகதம் என்று ஒரு விதவை. பண்ணையார் தன் வயலைக் காப்பாற்றக் கரையை வெட்டிவிட்டதால்தான் வெள்ளம் வந்தது என்று பஞ்சாயத்தில் அவர் முகத்துக்கு நேரே சொல்கிறாள். மூன்றாவது ஆள், படகுக்காரன் நாகப்பன். இருபது பேர் கரையில் நின்று கத்தியும் அவன் படகை அவிழ்க்க மாட்டேன் என்கிறான். ஜனங்கள் கோயில் மதில் மேல் ஏறிப் பிழைத்துக்கொள்கிறார்கள். ஆடு மாடு எல்லாம் போய்விடுகிறது. அன்றிலிருந்து அவனுக்குப் பேரே கோழை நாகப்பன். ஒருவரும் பெண் கொடுக்கவில்லை. கிழவனாகும் வரைக்கும் வாயைத் திறக்காமல் அந்தப் பேரைச் சுமக்கிறான்.

"கடைசிக்குக் கொஞ்சம் முந்திதான் முசே பழைய கதை வருது. வெள்ளத்துக்கு மொத நாள் அவன் தம்பி குடிச்சிட்டுப் படக மதகுல மோதி, அடிப்பலகை பிளந்து கெடக்கு. ஏத்தியிருந்தா இருபது பேரும் நடு ஆத்துல முழுகியிருப்பாங்க. பலகை உடஞ்சிருக்குன்னு சொன்னா தம்பிய ஊரு கொன்னுடும். தம்பியப் பாத்துக்கன்னு சொல்லிட்டுச் செத்தவ அவங்க அம்மா. அத நான் படிச்ச அன்னைக்கு அழுதேன். அவன நாப்பது வாரமா திட்டியிருக்கனே! எங்க அத்தை என்னடான்னா, மொத நாள்லேருந்தே அவன்தான் ஆம்பளைங்கிறாங்க. எடுத்துப் பாத்தா, அந்த நாலு வாரமும் இங்க மொதல்ல இருக்கு."

முசே புத்தகத்தை வாங்கிப் புரட்டினார். மூடினார். கண்ணாடியைக் கழற்றினார். ஒரு காலை மடக்கினார், மறு காலை மடக்கினார், பைக்குள் வைத்தார்.

"இத யாரு அடுக்குனது?"

என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மூன்று பிள்ளைகளின் முகமும் வரிசையாக வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்திலிருந்து ஒரு குரல்.

"நான்தான் முசே. அவசரத்துல மாத்தி வச்சிட்டேன்."

ராணி!

முசே அவள் பக்கம் திரும்பினார். "பத்தாவது படிச்சிருக்கீங்க. படிச்சுப் பாக்காம தச்சிருக்கீங்க. இனிமே உங்க கையில தாள் குடுக்க எனக்கு மனசு வராது. இந்த வாரம் முடிய இருங்க. நான் உங்க அப்பாவ வரச் சொல்லிப் பேசுறேன்."

நான் நின்றேன். பேசவில்லை. டீச்சர் போனார். நான் பசைச் சட்டியைக் கழுவினேன், கழுவின சட்டியையே மறுபடியும் கழுவினேன். இந்த இடத்தில் ராணி, "இதெல்லாம் எதுக்குக்கா எழுதிக்கிட்டு" என்று பேனாவை வைத்துவிட்டாள். எடுத்து எழுதுடி என்று அதட்டிய பிறகுதான் மேலே ஓடுகிறது.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் அவளைப் பிடித்தேன்.

"ஏண்டி அப்படிச் சொன்ன? அன்னைக்கி நீ பசைதானடி கிண்டிக்கிட்டிருந்த?"

"உங்களுக்குப் படிக்கத் தெரியாதுன்னு சொல்லிட வேண்டியதுதானா அப்ப?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஒனக்கு எப்படித் தெரியும்?"

"நான் சேந்த மொத வாரமே தெரியும். கருமாதிப் பத்திரிகைய ஒரு கட்டு மடிச்சீங்க. மடிச்சிக்கிட்டே, 'மாப்பிள்ள நல்ல லட்சணம்டி'ன்னு போட்டோவக் காமிச்சீங்க."

சிரிப்பு வந்துவிட்டது. அவ்வளவு பயத்திலும் இரண்டு பேரும் பஸ் ஸ்டாண்டில் நின்று வயிறு வலிக்கச் சிரித்தோம். சிரித்து முடித்ததும் அவள் சொன்னாள்: "எனக்கு வேல போனா வீட்டுல சோறு கெடைக்கும்க்கா. உங்களுக்குப் போனா மூணு புள்ளைங்க."

"ஒன்ன வீட்டோட உக்கார வச்சிடுவாரேடி."

அவள் பேச்சை மாற்றினாள். "டீச்சர் கதை சொன்னாங்களே, அந்தப் படகுக்காரன் பெரிய ஆளுக்கா. கடல்ல குதிக்கிறதுக்கு எங்க ஊருல எல்லாரும் குதிப்பாங்க. பலகை சரியில்ல, எறக்க மாட்டேன்னு சொல்லத்தான் எங்க அப்பாவுக்கே வாய் வராது. பயந்துட்டான்னு சொல்லிடுவாங்கல்ல."

அவள் பஸ் வந்து போய்விட்டது. என் பஸ்ஸில் எனக்கு ஜன்னல் சீட்டு கிடைத்தது, ஆனால் கோட்டுச்சேரி வந்ததுகூடத் தெரியவில்லை. டீச்சர் சொன்ன கதையில் குதிக்கிறவன் தைரியசாலி. முகத்துக்கு நேரே பேசுகிறவள் தைரியசாலி. பேச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறவனும் தைரியசாலி என்கிறாள் ராணி. இதில் நான் யார்? படகை மதகில் மோதிவிட்டு ஒளிந்துகொண்ட தம்பி!

மறுநாள் முதல் பஸ்ஸிலேயே போனேன். முசே தனியாகக் குத்தூசி தீட்டிக்கொண்டிருந்தார்.

"முசே, எனக்குப் படிக்கத் தெரியாது."

இதைச் சொல்ல எனக்குப் பதினோரு வருஷம் ஆகியிருக்கிறது. சொல்லி முடிக்க ஒரு மூச்சுகூட ஆகவில்லை.

"அஞ்சாவதுன்னீங்க?"

"எம் பேரு அஞ்சலை முசே. பாதியில நின்னுடுச்சு."

அவர் குத்தூசியைக் கீழே வைத்தார். கண்ணாடி பைக்குள் போகப் போகிறது என்று பார்த்தேன். போகவில்லை. அலமாரியிலிருந்து ஒரு பிரெஞ்சுப் புத்தகத்தை எடுத்து, நடுவில் பிரித்து, என் முன்னால் வைத்தார். தலைகீழாக வைத்திருந்தார். திருப்பி வைத்தேன்.

"எப்படித் தெரியும்?"

புள்ளிக் கதையைச் சொன்னேன். அப்புறம் ஜன்னல், காற்று, மீசை எல்லாவற்றையும் சொன்னேன். மீசைக்கு வந்தபோது அவர் வாய் கொஞ்சம் கோணியது. சிரிப்புதான்.

"கல்லு வச்சீங்களா?"

"வைக்கல முசே."

இப்போதுதான் கண்ணாடியைக் கழற்றினார். "படிக்கத் தெரியாதது தப்பில்ல அஞ்சலை. கல்லு வைக்காததுதான் தப்பு. பதினோரு வருஷமா ஒரு பக்கம் தலைகீழாப் போகல. கல்லு வச்சிருந்தா இதுவும் போயிருக்காது." சொல்லிவிட்டுக் குத்தூசியை எடுத்து மறுபடியும் தீட்டினார். அதற்குள் ராணி வந்துவிட்டாள். அவளைப் பார்த்து, "நீங்க ரெண்டு பேரும் ஆளுக்கு ஒரு பொய் சொல்லியிருக்கீங்க. இனிமே அவங்க அடுக்குனா நீங்க படிச்சுப் பாருங்க. நீங்க தச்சா அவங்க இழுத்துப் பாக்கட்டும். உங்க நூல் இன்னும் தொளதொளன்னுதான் நிக்குது" என்றார். ராணியின் அப்பாவைக் கூப்பிடுகிற பேச்சை அவர் அப்புறம் எடுக்கவே இல்லை.

புத்தகத்தைப் பிரித்துச் சரியாகத் தைத்துத் தருவதாக டீச்சருக்குச் சொல்லி அனுப்பினார். டீச்சர் வரவில்லை. அவர் மாமியார் ரிக்‌ஷாவில் வந்து இறங்கினார், புத்தகத்தை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டு.

"இதப் பிரிப்பேன்னது யாரு?"

"தப்பா இருக்கு பெரியம்மா" என்றார் முசே.

"இருந்துட்டுப் போவுது. எம் மருமவ நாப்பது வாரம் அந்தப் புள்ளயத் திட்டிட்டு, கடைசியில அழுதா. நான் மொத பக்கத்துலேருந்து அவங்கூடவே நடந்தேன். ஊரே காறித் துப்புறப்போ, ஏன் பேசாம நிக்கிறான்னு எனக்கு மட்டுந்தான் தெரியும். முடிஞ்சப்புறம் தெரிஞ்சா அழுவத்தான் முடியும். அப்பவே தெரிஞ்சாத்தான் கூட நிக்க முடியும். இத அடுக்குனது யாரு?"

"நான்தாங்க" என்றேன். இந்தத் தடவை நாக்கு ஒட்டவில்லை.

என்னை மேலும் கீழும் பார்த்தார். "நல்லா அடுக்குன, போ" என்று சொல்லிவிட்டு ரிக்‌ஷாவில் ஏறிப் போயே போய்விட்டார். முசே அவர் போன திசையையே பார்த்துக்கொண்டு, "இது எழுதினவருக்குத் தெரியாம இருந்தாச் சரி" என்றார்.

இனி போன மாதக் கூட்டத்துக்கு வருகிறேன். அந்தக் காலேஜ் பெண்கள் நன்றாகத்தான் பேசினார்கள். போர்டில் மூன்று கட்டம் போட்டு வேலாயுதம், மரகதம், நாகப்பன் என்று எழுதியிருந்தார்களாம். ராணி படித்துச் சொன்னாள். டீச்சரின் மாமியார் இப்போது இல்லை. நான் தைத்த புத்தகத்தை டீச்சர் மேஜை மேல் வைத்திருந்தார். முதுகு இன்னும் கிண்ணென்று நிற்கிறது, பூச்சி தொடவில்லை. மயில்துத்தம் சும்மாவா?

"நீங்க சொல்லுங்க பாட்டி. இந்த நாவல்ல யாரு பெரிய தைரியசாலி?"

மைக்கை வாயருகே பிடித்துக்கொண்டு சொன்னேன். "ராணி."

எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "அப்படி ஒரு கேரக்டர் இதுல இல்லியே பாட்டி" என்றாள் அந்தப் பெண். "இருக்கு, நல்லாப் பாருங்க" என்றேன். எல்லாம் தெரிந்த டீச்சர் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஆளாளுக்குப் புதுப் புத்தகத்தைச் சரக்சரக்கென்று புரட்டித் தேடினார்கள். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ராணியும் குனிந்த தலை நிமிராமல் புத்தகத்தில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.

எட்டிப் பார்த்தேன். அவள் கையிலிருந்த பக்கத்தில் புள்ளியெல்லாம் கீழே இருந்தது.